உளி பிடித்தவன் பெயர் எங்கே?

இராமேசுவரம் மணல் தீவு. தூண் செதுக்கத்தக்க கருங்கல் அத்தீவில் இல்லை. கடற்கால் கடந்து கொண்டுவந்த கல்லைக் கொண்டே அங்குள்ள திருக்கோயிலின் மூன்றாம் திருச்சுற்று எழுப்பப்பெற்றது. வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ 640 அடி, கிழக்கிலும் மேற்கிலும் ஏறத்தாழ 400 அடி, 1212 தூண்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் சேதுபதி மன்னர்கள் தொடங்கிய அப்பணி முத்துராமலிங்க சேதுபதியின் காலத்தில் நிறைவெய்தியது. அதன் ஒரு கோடியில் நின்று மறு கோடியை நோக்குவார்க்குத் தூண்கள் நெருங்கி நெருங்கிச் சென்று ஒரு புள்ளியாய்ச் சுருங்குவது தெரியும். அதற்கு அளவு பிடித்தவன் யார்? நூல் போட்டவன் யார்? மன்னர் உருவங்களும் அமைச்சர் உருவங்களும் தூண்களைச் சார்ந்து நிற்கின்றன. வழிகாட்டுவோர் அவர்தம் பெயர்களையெல்லாம் மனப்பாடமாய் ஒப்புவிப்பர். உளி பிடித்தவன் பெயரைக் கேட்டால் மட்டும் வாய் திறவார்.

இச்சுற்றை உலகுக்கு எடுத்துரைத்தவர் பெர்கூசன் என்னும் சுகாட்லாந்து எழுத்தாளர். அவுரி வணிகராக இந்நாட்டுக்கு வந்து கட்டடக்கலை எழுத்தாளராக மாறியவர் அவர். 1876-இல் வெளிவந்த தம் பெருநூலில், திராவிடக் கட்டடக்கலையின் நிறைகள் அனைத்தையும் குறைகள் அனைத்தையும் ஒருசேரக் காட்ட ஒரே ஒரு கோயிலைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாயின் அஃது இராமேசுவரமே என்று எழுதினார். அதன் சுற்றுக்கு 700 அடி நீளம் என்று சற்றுக் கூட்டியே சொல்லி, உரோமாபுரியின் பெருங்கோயிலுக்குக்கூட அந்நீளம் இல்லை என்று வியந்தார். வியந்த கையோடு, இதில் உழைப்பு உண்டு, திட்டமிட்ட அமைப்பு இல்லை என்று குறையும் கூறினார். உழைப்பைக் கண்டு அறிவைக் காணாத கண் அது. ஆயினும் பெர்கூசனை விட்டுவிடலாம். வெளியார்க்கு விளங்காதது வியப்பன்று. உள்ளிருந்தே ஒரு கூட்டம் இதைவிடப் பெரிய பழியைத் தமிழன்மேல் சுமத்திக்கொண்டிருக்கிறதே, அதற்கு விடை கூறியாக வேண்டும்.

அக்கூட்டம் கூறுவது இது: கோயிற் கட்டடக்கலை வடமொழிச் சிற்பநூல்கள் வகுத்துக் கொடுத்த கலை, மானசாரம், மயமதம், காசியபம் என நூல்களெல்லாம் சமற்கிருதத்தில் இருக்கின்றன, தமிழன் கை கொடுத்தான், கலை கொடுத்தவர் வேறு. இதற்கு அவர்கள் காட்டும் முதற்சான்று 1834-இல் இலண்டன் அரச ஆசியக் கழகம் வெளியிட்ட ஒரு நூல். இந்துக்களின் கட்டடக்கலை பற்றிய கட்டுரை என்பது அதன் பெயர். 48 படத்தகடுகளைக் கொண்டது. இயற்றியவர் தஞ்சையைச் சேர்ந்த இராம் இராசு. இந்நாட்டான் ஒருவன் இந்நாட்டுக் கட்டடக்கலையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய முதல் நூலாக அது மதிக்கப்படுகிறது. அதைக் காட்டி வாயடைக்கலாம் என்று கருதுவோர் அதைப் படித்துப் பார்த்தாரில்லை. படித்திருந்தால் காட்டியிருக்க மாட்டார்கள்.

இராம் இராசு 1790-ஐ ஒட்டித் தஞ்சையில் பிறந்தவர், வறிய குடும்பத்தினர். தம் முயற்சியால் ஆங்கிலம் கற்றுக் கும்பெனியின் படைக்கணக்கு அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்தார். திப்பு சுல்தானின் ஆட்சி விதிகளை மராட்டியிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுத்தது அவரை மேலோர் கண்ணுக்குக் காட்டியது. பின்னர்ச் சென்னைக் கோட்டைக் கல்லூரியில் ஆங்கிலத் தலைமையாசிரியர்; அதன்பின் பெங்களூரில் நாட்டு நடுவர். கும்பெனியின் வழக்குமன்றங்களில் நடுவர்குழு முறையைப் புகுத்துவது பற்றியும் ஒரு கட்டுரை எழுதினார். கல்லூரியோடு தொடர்புடைய கிளார்க்கு என்னும் ஆங்கிலரின் தூண்டுதலால் கட்டடக்கலை ஆய்வில் இறங்கினார். நூல் அச்சேறி வந்தபோது அவர் உயிரோடு இல்லை. கட்டடக்கலைஞர் என்று இன்று சிலர் அவரைக் குறிப்பிடுகின்றனர். அவர் ஒரு கல்லையும் நிறுத்தியவர் அல்லர், எழுதியவர். எழுதியதற்குரிய பெருமை அவர்க்கு உண்டு. அதைக் குறைக்க இங்கு எவரும் முனையவில்லை.

அவர் வேலையில் இறங்கியபோது நேர்ந்தது என்ன? சிற்பநூல் ஏடுகள் துண்டும் துணுக்குமாகக் கிடைத்தன. வடமொழிப் புலமையில் பெயர்பெற்ற பண்டிதர்களிடம் அவற்றைக் கொண்டுபோய்க் காட்டினார். இலக்கணம் கற்ற அப்பெரியோர்க்கு ஏட்டில் உள்ள எழுத்து விளங்கிற்று, பொருள் விளங்கவில்லை. குமுதம் என்றால் ஆம்பல் என்பர். கபோதம் என்றால் புறா என்பர். கட்டடத்தின் அடித்தளத்தில் ஆம்பல் எங்கே வந்தது, கூரை ஓரத்தில் புறா எங்கே வந்தது என்று கேட்டால் விடையில்லை. மாதக்கணக்கில் தடுமாறியபின் இராம் இராசுக்கு வழி காட்டியவர் ஒரு கம்மாளர். தஞ்சையைச் சேர்ந்த சிற்பி. கட்டடத் தொழிலின் நடைமுறையிலும் கலைச்சொற்களிலும் தேர்ந்தவர். இச்செய்தியைக் கிளார்க்குக்கு எழுதிய மடலில் இராம் இராசே ஒப்புக்கொண்டிருக்கிறார். பண்டிதர்க்குத் தொழில் தெரியாது, தொழிலாளர்க்கு வடமொழி தெரியாது என்னும் இக்கட்டை அவர் மறைக்கவில்லை.

இங்குதான் நிற்க வேண்டும். வடமொழி அறியாத ஒருவர், வடமொழி நூலுக்குப் பொருள் கூறினார். எவ்வாறு கூறினார்? அந்நூல் பேசும் பொருள் அவர் கையில் இருந்தது. அப்பொருளுக்குரிய பெயர் அவர் நாவில் இருந்தது. ஏட்டில் கபோதம் என்று எழுதியிருந்ததைக் கல்லில் சுட்டிக் கொடுங்கை என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவரே. தஞ்சைக் கம்மாளரின் பட்டறை மொழி தமிழ். ஆகவே வடமொழி நூலைத் திறந்த திறவுகோல் தமிழ். திறவுகோல் யாரிடம் இருந்ததோ அவருடையதன்றோ வீடு? பூட்டின்மேல் தன் பெயரை எழுதி வைத்தவனுக்கு வீட்டை உரிமையாக்குவது எந்நாட்டு முறை?

நூல்கள் சமற்கிருதத்தில்தானே உள்ளன என்று மீண்டும் கேட்பர். உள்ளன, மறுப்பாரில்லை. அச்சமற்கிருதம் எத்தகையது? மானசாரத்தை 1930-களில் முழுமையாகப் பதிப்பித்த பிரசன்ன குமார் ஆச்சாரியா வடமொழிக்கு எதிரி அல்லர். அவரே அந்நூலின் மொழி இலக்கணப் பிழைகள் மலிந்தது என்று ஒப்பினார். காளிதாசனைப் பெற்ற மொழியில், பாணினியைப் பெற்ற மொழியில், பிழை மலிந்த நூலொன்று எங்ஙனம் தோன்றிற்று? வேறொரு மொழியில் வழங்கிய தொழிலறிவை, அம்மொழியினரோ அரைகுறையாய் அறிந்த பிறரோ, மதிப்புக் கருதி வடமொழி ஆடை உடுத்த முயன்றதன் அடையாளம் அது. மேலும் அந்நூல்களே கட்டட வகைகளை நாகரம், திராவிடம், வேசரம் என மூன்றாகப் பகுத்துப் பேசுகின்றன. திராவிடம் என்று தனியே ஒரு பெயரிட்டு விலக்கிச் சொல்லும்போதே, அது தம்முடையதன்று, தெற்கே உள்ளாரது என்று ஒப்புக்கொண்டாயிற்று. இராம் இராசின் படத்தகடுகளில் உள்ள கோபுரங்களும் தூண்களும் எந்நாட்டின? தென்னாட்டின. அவற்றையெல்லாம் வரைந்துவிட்டு நூலின் முகப்பில் 'இந்துக்களின்' என்று எழுதினார். கும்பெனி அலுவலில் வழங்கிய பெயரை எடுத்தாண்டார் போலும். அந்த ஒரு சொல் செய்த கேடு இந்நாள்வரை தீரவில்லை.

தமிழரிடம் கட்டட நூல் இருந்ததற்கு அகச்சான்று வேண்டுவோர் நெடுநல்வாடையைப் புரட்டலாம். பாண்டியன் அரண்மனைக்கு இடம் வகுக்கையில், நூல் கற்ற வல்லுநர்கள் நண்பகல் நிழலைக் கொண்டு திசை தெளிந்து கயிறு பிடித்ததை நக்கீரர் பாடியிருக்கிறார். கண்ட மேனிக்குக் கல் அடுக்கியோர் செய்யும் வேலையா அது? மணிமேகலையோ, புகாரில் சோழன் மண்டபத்தைத் தமிழகத் தொழிலாளர் மகதர், மராட்டர், யவனர் முதலியோரோடு கூடி எழுப்பியதாகக் கூறுகிறது. பிறர் வந்து பணிசெய்ததைத் தமிழ்ப்புலவர் மறைக்கவில்லை என்பதைக் கருதுக. கூடிச் செய்ததைக் கூடிச் செய்ததாகவே எழுதுவது தமிழன் நேர்மை. அந்நேர்மையைப் பிறரிடம் எதிர்பார்ப்பது குற்றமா?

அளவு முறையையும் பார்க்க. எட்டு எள் ஒரு நெல். எட்டு நெல் ஒரு விரல். பன்னிரண்டு விரல் ஒரு சாண். இரு சாண் ஒரு முழம். வடநூல்களில் நெல் இருக்குமிடத்தில் யவம் இருக்கிறது. யவம் என்பது வாற்கோதுமை. காவிரிக் கரையிலும் சேதுக் கரையிலும் வாழ்ந்த தச்சன் தன் வயலில் விளையாத மணியைக் கொண்டா அளந்தான்? தூணுக்குத் தமிழில் கால் என்று பெயர். நூற்றுக்கால் மண்டபம், ஆயிரக்கால் மண்டபம் என்று சிறு பிள்ளையும் கூறும். வடநூல் தூணுக்குச் சொல்லும் பெயர்களுள்ளும் பாதம் ஒன்று. எது எதன் பெயர்ப்பு என்று முடிவு கட்டுமுன், எம்மொழியில் அச்சொல் தெருவில் வழங்குகிறது, எம்மொழியில் ஏட்டில் மட்டும் கிடக்கிறது என்று பார்த்தால் போதும்.

இராம் இராசு பணியாற்றிய அதே கோட்டைக் கல்லூரியைச் சார்ந்து இன்னொருவர் வாழ்ந்தார்: எல்லிசு. தெலுங்கும் தமிழும் பிறவும் சமற்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, அவை தனிக்குடும்பம் என்று 1816-லேயே சான்று காட்டி நிறுவியவர் அவர். கால்டுவெலுக்கு நாற்பது ஆண்டு மூத்தவர். அவர் 1819-இல் இறந்ததும் இதே இராமநாதபுரத்தில்தான்; திண்டுக்கல்லில் அடக்கம் செய்யப்பெற்றார். மொழியைப் பற்றி எல்லிசு எழுப்பிய வினாவைக் கட்டடத்தைப் பற்றி எவரும் எழுப்பவில்லை. சொல்லுக்கு வேர் எது என்று கேட்ட அக்கல்லூரியில், தூணுக்கு வேர் எது என்று கேட்க ஆளில்லாமற் போயிற்று. எல்லிசு இன்னும் இருபது ஆண்டு உயிரோடிருந்து, அவரிடம் அத்தஞ்சைச் சிற்பி சென்றிருப்பாராயின், 1834-இல் வந்த நூலுக்கு வேறு பெயர் அமைந்திருக்கும்.

இராம் இராசு செய்த நற்பணியையும் சொல்லிவிட வேண்டும். கீழை நாட்டுக் கட்டடமெல்லாம் அளவில்லாத குவியல் என்று ஐரோப்பியர் எண்ணிய காலம் அது. அவரோ பீடம், தளம், கால், போதிகை, கூரை என ஒவ்வோர் உறுப்பையும் எடுத்து அளவு காட்டிக் கிரேக்க, உரோமத் தூண்வகைகளுக்கு நிகராக வைத்து, இங்கும் விதி உண்டு, விகிதம் உண்டு என்று மெய்ப்பித்தார். அவர்க்கு நாற்பது ஆண்டு பிந்திய பெர்கூசன் இராமேசுவரத்தில் அமைப்பில்லை என்று எழுதியதை நினைத்தால் இராம் இராசின் அருமை விளங்கும். குறை எதில்? தமக்குக் கண் கொடுத்த சிற்பியை நூலில் பெயரற்றவராக விட்டார். சிற்பிகள் தம் ஏடுகளைப் பிறர்க்குக் காட்டாமல் ஒளித்துக் காத்தனர் என்றும் எழுதினார். அவ்வரியை எடுத்துக்கொண்டு கம்மாளர்மேல் பொறாமைப் பட்டம் கட்டுவாரும் உளர். ஒளிக்காமல் கொடுத்தவருக்குக் கிடைத்தது என்ன? ஒரு மடலில் அரை வரி.

அக்காலத்தில் சிற்பி இருந்த நிலையை மறந்துவிட்டு அவரைக் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை. மூன்றாம் திருச்சுற்றை முடித்த முத்துராமலிங்க சேதுபதியை 1795-இல் கும்பெனி பதவியிறக்கிச் சிறையிட்டது. 1809-இல் சிறையிலேயே அவர் மாண்டார். தஞ்சை அரசு 1799-இல் கும்பெனிக்குக் கைமாறிற்று. நான்கே ஆண்டுக்குள் சேதுக் கரையிலும் காவிரிக் கரையிலும் சிற்பியை ஊட்டி வளர்த்த கைகள் கட்டப்பட்டன. இராமேசுவரத் தூண்களைச் செதுக்கியோரின் மக்கள் இராம் இராசின் காலத்தவர். அப்பிள்ளைகளுக்குக் கும்பெனி கொடுத்த வேலை பாலத்துக்கும் பாசறைக்கும் கல் உடைப்பது. தந்தை பெருந்தச்சன், மகன் நாட்கூலி. அந்நிலையில் எஞ்சிய ஏட்டை ஒளித்துவைத்தான் என்றால், அது பொறாமையா, கடைசிச் செல்வத்தைக் காக்கும் துடிப்பா?

எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் நிலைமை வேறு. தஞ்சைப் பெருங்கோயிலைக் கட்டிய இராசராசன், குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்று தன் பெயரையே பட்டமாகக் கொடுத்துக் கல்லில் வெட்டுவித்தான். அவனுக்குத் துணைநின்ற நித்தவினோதப் பெருந்தச்சன், கண்டராதித்தப் பெருந்தச்சன் பெயர்களும் அங்கு உண்டு. முடிதிருத்துவோனுக்கும் கல்லில் இடம் கிடைத்தது. 1010-இல் மன்னன் ஒருவன் கல்லில் கொடுத்த இடத்தை, 1834-இல் கற்றறிந்தோர் கழகம் தாளில் கொடுக்கவில்லை.

பழியைப் பிறர்மேல் மட்டும் போட்டுவிட்டுப் போவதும் நேர்மையாகாது. தமிழ்ப்புலவர் கூட்டம் என்ன செய்தது? இராமநாதபுரத்துப் பொன்னுசாமித் தேவர் ஆறுமுக நாவலரின் பதிப்புப் பணிக்குப் பொருளுதவி செய்தார். அவர் மகனார் பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவினார். அவர்தம் தொண்டைத் தமிழுலகம் மறவாது. செய்யுள் ஏடுகள் கறையானிடமிருந்து மீண்டன. சிற்பியின் ஏடுகளைத் தேடிச் சென்றவர் யார்? தச்சர் வழக்கைப் புலவர் கீழ்வழக்கு என்று ஒதுக்கினர். போதிகைக்கும் கொடுங்கைக்கும் பொருள் தெரியாமலே கோயிற் புராணங்களுக்கு உரை எழுதினர். மனையடிச் சுவடிகளை மட்டும் கடைத்தெரு அச்சகத்தார் மலிவுப் பதிப்பாய்ப் போட்டு விற்றனர். தொழில்நுட்ப ஏடுகள் மண்ணாயின. இந்த ஓரவஞ்சனைக்கு வடவர் பொறுப்பல்லர்.

சிற்பியிடம் சென்று கேட்டால் என்ன கிடைக்கும் என்பதைக் காட்டியவர் புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சுக்காரர் ழூவோ துப்ரேய். தென்னிந்தியத் தொல்பொருள் பற்றிய தம் நூலை அவர் 1914-இல் வெளியிட்டார். நடந்துகொண்டிருந்த கோயிற் பணிகளில் சிற்பிகளின் அருகே நின்று, இதற்கென்ன பெயர், அதற்கென்ன பெயர் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். கூடு, கொடுங்கை, பலகை, போதிகை என அவர்கள் சொன்னவற்றை அப்படியே நூலில் பெய்தார். போதிகையின் வடிவம் நூற்றாண்டுதோறும் மாறி வந்ததைக் கொண்டே கோயில்களின் காலத்தை வகுத்துக் காட்டினார். ஏட்டுச் சமற்கிருதம் எண்பது ஆண்டுகளாய்க் கொடுக்காத காலக்கணக்கை, உளிக்காரனின் தமிழ்ப் பேச்சையும் அவன் கல்லையும் துணைக்கொண்டு ஓர் அயலார் கண்டார். இன்றும் பாரிசில் அச்சாகும் கலைநூலில் கூடு என்னும் தமிழ்ச்சொல் வழங்குகிறது. தமிழகத்துப் பாடநூலிலோ அதே உறுப்பு நாசிகை என்று மூக்காகி நிற்கிறது!

அதன்பின் சிற்பியே எழுதுகோலையும் கையில் எடுத்த காலம் வந்தது. அந்நாள் இராமநாதபுர மாவட்டத்தைச் சேர்ந்த பிள்ளையார்பட்டியில் 1927-இல் பிறந்த வை. கணபதி தபதி, கல்லும் உளியும் வழிவழி வந்த குடியினர். 1957-இல் மாமல்லபுரத்தில் தொடங்கப்பெற்ற சிற்பக் கல்லூரிக்கு நெடுங்காலம் தலைவராய் இருந்தார். 1978-இல் சிற்பச் செந்நூல் என்னும் தமிழ்நூலை வெளியிட்டார். குமரிக்கடலில் 133 அடி உயர வள்ளுவர் சிலையை எழுப்பி 2000-ஆம் ஆண்டுப் பிறப்பன்று திறக்கச் செய்தார், 2011-இல் மறைந்தார். இராம் இராசுக்குப் பொருள் சொன்ன கம்மாளர்க்குக் கிட்டாத வாய்ப்பு, நூற்றைம்பது ஆண்டு கழித்து அக்குடியில் ஒருவர்க்குக் கிட்டிற்று. அவர் கூறிய வரலாற்று முடிபுகள் சிலவற்றை ஆய்வாளர் ஏற்காமலிருக்கலாம். அது வேறு வழக்கு. கலைச்சொல்லுக்குப் பொருள் கேட்க இனி ஒரு தமிழனும் வடமொழிப் பண்டிதர் வாயிலில் நிற்க வேண்டியதில்லை என்பதை அவர் நூல் நிலைநாட்டிவிட்டது.

ஆயினும் நடப்பது என்ன? தஞ்சைப் பெருங்கோயில் குடமுழுக்கில் தமிழும் ஒலிக்க வேண்டும் என்பதற்கே 2020-இல் உயர்நீதிமன்றம்வரை வழக்காட வேண்டியிருந்தது. மந்திரத்தில் தமிழ் வேண்டும் என்று போராடியோர், அம்மந்திரம் ஒலிக்கும் கட்டடத்தின் உறுப்புகளுக்குத் தமிழ்ப்பெயர் வேண்டும் என்று இன்னும் கேட்கத் தொடங்கவில்லை.

கேட்க வேண்டியவை பெரியன அல்ல. அறநிலையத்துறை இராமேசுவரத்து மூன்றாம் திருச்சுற்றில் ஒரு தூணின் அருகே ஒரு கல்லை நட்டு, அடி முதல் போதிகைவரை அதன் உறுப்புகளின் தமிழ்ப்பெயர்களை வெட்டி வைக்கட்டும். மன்னர் பெயருக்கு அடுத்து, இதைச் செய்தோர் தமிழகக் கல்தச்சர் என்று ஒரு வரியும் சேர்க்கட்டும். பல்கலைக்கழகங்களுள் ஏதேனும் ஒன்று இராம் இராசின் நூலையும் அவர் மடல்களையும் எடுத்து, வடசொல் ஒவ்வொன்றுக்கும் எதிரே சிற்பிகள் வழங்கும் தமிழ்ச்சொல்லை இட்டு, 48 படங்களோடும் பதிப்பிக்கட்டும். அப்பதிப்பின் முகவுரையில் பெயர் தெரியாத அத்தஞ்சைச் சிற்பிக்கு முதலிடம் கொடுக்கட்டும். சொல் திரட்டித் தரவல்ல முதுசிற்பிகள் காரைக்குடிப் பக்கத்திலும் மாமல்லபுரத்திலும் இன்றும் உளியும் கையுமாக இருக்கின்றனர். அவர்களும் மறையுமுன் ஏடும் எழுதுகோலும் கொண்டு அவர்கள் பட்டறைக்குச் செல்லப்போகிறவர் யார்?